வானளந்த பொறியியலறிஞர் பஸ்லுர் ரஹ்மான் கான்

மனிதன் முதன்முதற் கற்ற கலைகளுள் மனை கட்டுங் கலையும் ஒன்று. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடந்தேடியவன் கொம்புகளை நாட்டி, ஓலையை வேய்ந்து, களிமண்ணாற் சுவரெழுப்பிக் குடிபுகுந்தான். அன்று தொடங்கிய அக்கலை இன்று பல்கலைக்கழகங்களில் நான்காண்டு பயிலப்படும் பெருங்கல்வியாய் விரிந்து நிற்கின்றது. ஆண்டுதோறும் எம் மாணவருட் சிலர் உயர்தரப் பரீட்சையிற் கணிதத் துறையிற் சித்தியெய்திப் பொறியியற் பீடங்களுக்குச் செல்கின்றனர். அவர் அங்குக் கற்பது யாது என்று வினவுவார்க்கு, கட்டடங் கட்டக் கற்கின்றனர் என்னும் ஒரு வரி விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. மேசன்மாரும் ஓடாவிமாரும் பரம்பரையாய்ச் செய்துவரும் வேலைக்கு நான்காண்டுப் பட்டம் எதற்கு என்று உள்ளத்துள் ஐயுறுவாரும் உளர்.

இவ்வையத்தைப் பாடப் பட்டியல் ஒன்றைக் காட்டித் தீர்த்தல் அரிது. அக்கல்வியைக் கற்று, கற்றபின் அதற்குத் தக நின்று, உலகம் வியக்கப் பணியாற்றிய ஒருவரது வாழ்க்கையின் வாயிலாகக் காட்டுவதே எளிதெனக் கண்டோம். அவரே வங்கம் ஈன்ற பெரும் பொறியியலறிஞர் பஸ்லுர் ரஹ்மான் கான். யூபிலி மலரொன்றிலே கவிஞர், துறவியர், தலைவர் ஆகியோரின் சரிதங்கள் இடம்பெறுதல் வழக்கம். கல்லும் உருக்கும் கொண்டு தம் கவியை எழுதிய ஒருவரின் சரிதமும் அவற்றோடு நிற்கத் தகும்.

கான் 1929ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 3ஆந் திகதி டாக்கா நகரிற் பிறந்தார். அந்நாளில் வங்கம் பிரிபடாதிருந்தது. தந்தையார் அப்துர் ரஹ்மான் கான் கணித ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர், பின்னர் வங்கத்தின் பொதுப்போதனை அதிபராயும், ஓய்வுபெற்றபின் டாக்கா ஜகந்நாதர் கல்லூரியின் அதிபராயும் விளங்கியவர். ஆசிரியர் ஒருவரின் இல்லத்திற் பிறந்த பிள்ளைக்குக் கணிதம் விளையாட்டுப் பொருளாய் வாய்த்ததில் வியப்பில்லை. ஆர்மனித்தோலா அரசினர் உயர்தரப் பாடசாலையிற் பயின்ற இளைஞர், அதன்பின் கல்கத்தாவை அடுத்த சிப்பூரில் உள்ள வங்காளப் பொறியியற் கல்லூரியிற் சேர்ந்து குடிசார் பொறியியலைக் கற்கத் தொடங்கினார்.

அக்கல்வியின் முதற்படி யாது? கணிதமும் பௌதிகமும் வரைபும் நில அளவையுமே அது. அவற்றின் நடுநாயகமாய் நிற்பது நிலையியல். அசையாது நிற்கும் ஒரு பொருளின்மேல் மேனோக்கிய விசையும் கீழ்நோக்கிய விசையும் ஒத்திருத்தல் வேண்டும். இடமும் வலமும் ஒத்திருத்தல் வேண்டும். சுழற்ற முயலும் திருப்பங்களும் ஒன்றையொன்று தீர்த்துவிடல் வேண்டும். இம்மூன்று விதிகளே எல்லாக் கட்டடங்களுக்கும் உயிர். முன்னாளில் எம் ஊர்க் கிணறுகளிற் துலா மிதித்து நீர் இறைத்தவர்கள் இவ்விதியை ஏட்டிற் படித்தவரல்லர். ஆயினும் துலாவின் நீண்ட பக்கத்திற் தொங்கும் வாளிக்கு எதிராகக் குறுகிய பக்கத்திற் பாரத்தைக் கட்டவேண்டும் என்பதை அறிந்திருந்தனர். அப்பாரம் இவ்வளவுதான், அத்துலாவைத் தாங்கும் மரத்தின்மேல் இறங்கும் சுமை இவ்வளவுதான் என்று எண்ணிற் சொல்லக் கற்பதே பல்கலைக்கழக மாணவன் செய்யும் முதல் வேலை. கைப்பழக்கம் அறிந்ததைக் கணக்கு உறுதிசெய்கின்றது. கைப்பழக்கம் காணாத உயரத்துக்கும் அகலத்துக்கும் கணக்கு வழிகாட்டுகின்றது.

கான் சிப்பூரிற் பயிற்சி முடிக்கும் காலம் நற்காலமாய் அமையவில்லை. 1947இல் நாடு பிரிந்தது. 1950இல் வங்கத்தின் இரு பகுதிகளிலும் இந்து முஸ்லிம் கலவரம் மூண்டது. கல்கத்தாவிலே தங்கியிருத்தல் இயலாதெனக் கண்ட கான் டாக்காவுக்கு மீண்டு, அங்குள்ள அகசானுல்லாப் பொறியியற் கல்லூரியிலே தமது பட்டப்படிப்பை நிறைவுசெய்து முதன்மையிடம் பெற்றார். கற்ற கல்லூரி ஓரிடம், பட்டமளித்த கல்லூரி ஓரிடம் என்று அமைந்த அவரது வாழ்வு, கலகம் எவ்வாறு ஒரு மாணவனின் புத்தகத்தை இடையில் மூடிவைக்கின்றது என்பதற்குச் சான்று. இப்பகுதியில் வாழும் எமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எம் பிள்ளைகளுட் பலர் பரீட்சை மண்டபத்தையும் பாடசாலையையும் விட்டு ஓடிய நாள்கள் எம் தலைமுறையின் நினைவிலும் உள. கான் புத்தகத்தை மீளத் திறந்தார் என்பதே அவர் வரலாற்றில் நாம் கொள்ளவேண்டிய பாடம்.

சிறிது காலம் டாக்காவிலே கற்பித்த கான், 1952ஆம் ஆண்டு புலமைப்பரிசில் பெற்று ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மூன்றாண்டுகளுள் இரண்டு முதுமாணிப் பட்டங்களும் கலாநிதிப் பட்டமும் பெற்றார். முதுமாணிப் பட்டங்களுள் ஒன்று அமைப்புப் பொறியியலிலும் மற்றொன்று பொறிமுறைக் கொள்கையிலும் ஆகும். கட்டுவதைக் கற்றவர், கட்டியது ஏன் நிற்கின்றது என்பதையும் வேர்வரை தோண்டிக் கற்றார் என்க.

அவர் அங்கு ஆழ்ந்து கற்ற துறை பொருள்களின் வலிமை பற்றியது. பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில் எம் மாணவரும் இதனைத் தொடுவர். ஒரு பலகையை இரு கற்களின்மேற் படுக்கையாய் இட்டு அதன் நடுவில் ஒருவன் ஏறி நின்றால் அது வளைந்து தொய்கின்றது. அதே பலகையை விளிம்பில் நிறுத்தி வைத்து ஏறினாற் தொய்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. மரம் ஒன்றே, பாரமும் ஒன்றே, வேறுபட்டது உயரம் ஒன்றுதான். வளையின் உயரத்தை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு எண்மடங்காகின்றது. வளையும்போது மேற்புறம் நெருக்கப்படுகின்றது, கீழ்ப்புறம் இழுக்கப்படுகின்றது, நடுப்பகுதி பெரிதாய் ஒன்றுஞ் செய்வதில்லை. ஆகவே பொருளை நடுவிற் குவித்தல் வீண், ஓரங்களுக்கு ஒதுக்குதலே பயன் என்பது பெறப்படும். எளிய இவ்வுண்மையிலிருந்தே கானின் பெருஞ்சாதனை முளைத்தது.

1955இற் சிக்காக்கோ நகரின் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அன்ட் மெரில் என்னும் புகழ்பெற்ற கட்டட நிறுவனத்திற் கான் சேர்ந்தார். 1957இற் தாய்நாட்டுக்கு மீண்டு கராச்சியிற் பணியாற்றினார். ஆயினும் தாம் கற்றதனைச் செயலிற் காட்டத்தக்க களம் அங்கு வாய்க்காமையால் 1960இல் மீண்டும் சிக்காக்கோ சென்று பழைய நிறுவனத்திலேயே அமர்ந்தார். அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகளும் அவர் பணிக்களம் அதுவே.

உயர்ந்த கட்டடங்களுக்குப் பகையாவது அவற்றின் பாரம் மாத்திரமன்று, காற்றே பெரும்பகை. தென்னை நெடிதாக வளருந்தோறும் வாடைக்காற்றில் அதன் தலை கூடுதலாக ஆடுவதை எம் கரையோரத்தார் நன்கறிவர். கட்டடமும் அத்தகையதே. ஒரே அமைப்பில் உயரத்தை மட்டும் இருமடங்காக்கினால், காற்றினால் அடியில் எழும் வளைக்கும் விசை நான்மடங்காகின்றது. உச்சியின் அசைவு பதினாறு மடங்காகின்றது. பழைய முறையில் தூண்களும் வளைகளும் கட்டடத்தின் உள்ளெங்கும் பரந்திருந்தன. மாடி ஏறுந்தோறும் காற்றை எதிர்ப்பதற்கென்றே மேலும் மேலும் உருக்கைச் சேர்க்கவேண்டியிருந்தது. ஓரெல்லைக்கு மேற் செலவு தாங்கொணாததாயிற்று. உயரத்துக்குக் கொடுக்கும் அவ்வரியைக் குறைத்தல் எங்ஙனம் என்பதே கானை வாட்டிய வினா.

அதற்கு அவர் கண்ட விடை குழாய் அமைப்பு. தூண்களைக் கட்டடத்தின் உள்ளே பரப்பாது புறச்சுவரிலே நெருக்கமாய் நிறுத்தி, அவற்றை ஆழ்ந்த வளைகளாற் பிணைத்தால், கட்டடம் முழுவதுமே நிலத்தில் ஊன்றிய வெறுங்குழாய் ஒன்றாகி நின்று காற்றை எதிர்க்கும். மூங்கில் உள்ளே வெறுமையாயிருந்தும் புயலிற் சாய்ந்து நிமிர்வதற்குக் காரணமும் இதுவே. அதன் நார்வலிமை எல்லாம் புறத்தே ஒதுங்கியுள்ளது. பலகையை விளிம்பில் நிறுத்திய சிறுவனின் அறிவும், மூங்கிலின் அமைப்பும், மூன்றாண்டுக் கணிதமும் ஒருங்கே கூடிய கருத்து இஃது. 1960களின் நடுப்பகுதியிற் சிக்காக்கோவில் எழுந்த 43 மாடி டெவிற்-செஸ்நற் குடியிருப்பு இம்முறையில் அமைந்த முன்னோடிக் கட்டடமாகும்.

அதன்பின் எழுந்தது ஜோன் ஹன்கொக் நிலையம். கட்டடக் கலைஞர் புறூஸ் கிறகாமுடன் கூடிக் கான் இதனை வகுத்தார். 100 மாடி, 344 மீற்றர் உயரம், 1969இல் உருப்பெற்றது. கீழே அகன்று மேலே ஒடுங்கிச் செல்லும் அதன் புறத்தே, பல மாடிகளைக் கடந்து குறுக்கும் நெடுக்குமாய் ஓடும் மாபெரும் உருக்குச் சட்டங்களைக் காணலாம். ஓடாவியார் படலைக்குக் குறுக்குச்சட்டம் அறைவது ஏன் என்பதை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. சதுரச் சட்டம் கோணும், முக்கோணம் கோணாது. இக்குறுக்குச் சட்டங்களின் பயனாக அக்கட்டடத்துக்குத் தளப்பரப்பின் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஏறக்குறைய 30 இறாத்தல் உருக்கே போதுமாயிற்று. 1931இல் நியூயோர்க்கில் எழுந்த எம்பயர் ஸ்ரேற் கட்டடத்துக்குச் சதுர அடிக்கு ஏறக்குறைய 42 இறாத்தல் வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் மாணவர் பயிலும் செலவுமதிப்பீடு, பொருட்கணிப்பு ஆகிய பாடங்களைச் சிலர் வெறுங் கணக்கெழுத்தென இகழ்வதுண்டு. சதுர அடிக்குப் பன்னிரண்டு இறாத்தல் மிச்சம் பிடித்தமையே நூறு மாடிக் கட்டடத்தைச் சாத்தியமாக்கிற்று என்பதை அவர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆயினும் அக்கட்டடத்தின் வேலை இடையூறின்றி நிறைவுறவில்லை. உருக்குச் சட்டகம் ஏறக்குறைய இருபது மாடி எழுந்த நிலையில், அத்திவாரத்தில் எதிர்பாராத தாழ்வு தோன்றியது. சிக்காக்கோவின் களிமண்ணை ஊடுருவி ஆழத்திலுள்ள பாறைவரை இறக்கப்பட்ட கொங்கிறீற்றுத் தூண்களிற் குறை நேர்ந்திருந்தது. வேலை நிறுத்தப்பட்டது, ஏனைய அத்திவாரத் தூண்களும் சோதிக்கப்பட்டன, பழுதானது திருத்தப்பட்ட பின்னரே கட்டடம் மேலெழுந்தது. காலமும் பொருளும் பெரிதும் இழக்கப்பட்டன. மேலே எழும் அழகை உலகம் காண்கின்றது. கீழே புதையும் அத்திவாரத்தைக் காண்பாரில்லை. மண்பொறிமுறை என்னும் பாடம் மாணவர்க்கு விதிக்கப்பட்டிருப்பது இதன்பொருட்டே. நிலத்திலே துளையிட்டு மண்ணெடுத்து, அதன் மணல் எவ்வளவு, களி எவ்வளவு, நீர் எவ்வளவு, சுமை ஏற்றினால் எவ்வளவு அமுங்கும் என்று ஆய்வுகூடத்திற் காண்கின்றனர். சாய்ந்தமருதிலே கடற்பக்கம் மணற்பாங்கு. சிறிது தோண்டினால் நீர் ஊறும். மேற்கே வயலை நோக்கிச் செல்லச் செல்ல ஈரக்களி. ஓரூரின் இரு முனைகளிலேயே ஒரே அத்திவாரம் பொருந்தாதாயின், ஒருவர் வீட்டு வரைபடத்தை மற்றொருவர் இரவல் வாங்கிக் கட்டுவது எத்துணை இடர் என்பது சொல்லாமலே விளங்கும்.

கான் விசைகளை மட்டும் கணித்தவரல்லர். அக்கட்டடத்துள் வாழப்போகும் மாந்தரையும் எண்ணினார். உயர்ந்த மாடியொன்று காற்றிற் சிறிதளவு அசைதல் இயல்பே. கட்டடத்துக்கு அதனாற் கேடில்லை. ஆனால் அதனுட் படுத்துறங்குபவர்க்கு அவ்வசைவு தெரியுமா, அச்சம் ஊட்டுமா என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. ஆகவே அசையும் மேடையொன்றிலே ஆட்களை நிறுத்தியும் இருத்தியும் கிடத்தியும், எவ்வளவு அசைவை மனிதன் உணர்கின்றான் என்று சோதித்தறிந்தார். கணிப்பொறி அரிதாயிருந்த அக்காலத்திலேயே அதனைக் கட்டட அமைப்புக் கணக்குகளுக்கு முனைந்து பயன்படுத்தியவர்களுள் அவரும் ஒருவர். இன்று மாணவர் கணிப்பொறியிலே முழுக் கட்டடத்தையும் உருவாக்கிப் பார்க்கக் கற்கின்றனர். இயந்திரம் தரும் விடை சரியா பிழையா என்று தாளில் ஒரு சிறு கணக்கிட்டுத் தேரும் பழக்கமும் உடன் கற்பிக்கப்படுகின்றது.

ஹியூஸ்ரன் நகரில் 1971இல் நிறைவுற்ற ஷெல் பிளாசாக் கட்டடம் கொங்கிறீற்றின் வரலாற்றில் ஒரு திருப்பம். அந்நகரின் மண் மெலிந்தது. பாரத்தைக் குறைத்தாலன்றி உயர எழுதல் அரிது. கான் பாரங்குறைந்த கொங்கிறீற்றைக் கையாண்டு 200 மீற்றரை விஞ்சும் கட்டடத்தை அங்கு எழுப்பினார். பொருளறிவு என்னும் பாடத்தின் மேன்மை இதனாற் புலனாகும். சீமெந்தும் மணலும் கல்லும் நீரும் கலந்தாற் கொங்கிறீற்று என்பது எவரும் அறிந்தது. நீர் கூடினாற் கலவை வார்ப்பதற்கு எளிதாகும், வலிமையோ குன்றும் என்பதும், வார்த்தபின் ஒரு கிழமையேனும் ஈரங்காயாது காக்கவேண்டும் என்பதும், 28ஆம் நாளின் வலிமையையே அளவுகோலாய்க் கொள்வர் என்பதும் மாணவன் தன் கையாற் குற்றிகளை வார்த்து உடைத்துப் பார்த்து அறிவன. கடலோர ஊர்களுக்கு இன்னுமொன்று உண்டு. உப்புக்காற்றும் கழுவாத கடல்மணலும் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்துத் தன்னை மூடிய கொங்கிறீற்றையே வெடிக்கச் செய்யும். கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் இடையே போதிய தடிப்பு விடாது கட்டிய தூண்களின் மூலைகள் சில ஆண்டுகளில் உதிர்வதை எம் தெருக்களிற் காண்பவர்க்கு இப்பாடம் வெறும் ஏட்டுப்பாடம் ஆகாது.

கானின் புகழுக்கு முடியாய் அமைந்தது சியர்ஸ் கோபுரம். 75 அடிச் சதுரமான ஒன்பது குழாய்களை மூன்று வரிசையாய்ச் சேர்த்துக் கட்டிய கட்டு அது. விறகுக் கட்டில் ஒவ்வொரு தடியும் தனித்து முறியும், சேர்ந்து முறியாது என்னும் நம் பாட்டிமார் கதையை உருக்கிலே எழுதியதாய்க் கொள்ளலாம். இரண்டு குழாய்கள் 50ஆம் மாடியிலும், வேறிரண்டு 66ஆம் மாடியிலும், மூன்று 90ஆம் மாடியிலும் நின்றுவிட, எஞ்சிய இரண்டுமே உச்சி வரை செல்கின்றன. 442 மீற்றர் உயரமுள்ள அக்கோபுரம் 1973இல் உச்சியெய்தி, 1998இற் கோலாலம்பூரின் பெற்றோனாஸ் கோபுரங்கள் எழும்வரை உலகிலேயே உயர்ந்த கட்டடமாய் விளங்கிற்று. 2009இலிருந்து அது வில்லிஸ் கோபுரம் எனப் பெயர் வழங்குகின்றது.

இவ்வாறு வானளாவக் கட்டிய காலத்திலும் கான் தாம் பிறந்த மண்ணை மறந்திலர். 1970ஆம் ஆண்டு நவெம்பரிற் கிழக்கு வங்கக் கரையைத் தாக்கிய பெரும்புயல் இலட்சக்கணக்கானோரைக் கொண்டுசென்றது. அடுத்த ஆண்டு அங்குப் போர் மூண்டது. கான் சிக்காக்கோவிலிருந்த தம் நாட்டவரைத் திரட்டி அமைப்பு நிறுவி, நிவாரணத்துக்குப் பொருள் சேர்த்து, தம் மக்களின் துயரை அமெரிக்கர்க்கு எடுத்துரைத்தார். நூறு மாடி கட்டியவரின் உள்ளம் புயலில் ஓலைக்குடிலை இழந்தவரிடத்தே இருந்தது.

அவரது பணிக்கூடத்தின் இயல்பும் நினைக்கத்தக்கது. ஹன்கொக் நிலையத்திலும் சியர்ஸ் கோபுரத்திலும் அவருடன் கூடிக் கணித்தவர்களுள் ஒருவர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற ஸ்ரீநிவாச ஐயங்கார் என்னும் பொறியியலாளர். கலவரத்தால் இந்து நகரொன்றை விட்டு வெளியேறிய முஸ்லிம் மாணவர், பிற்காலத்தில் இந்து நண்பர் ஒருவருடன் அருகருகே அமர்ந்து உலகின் உயர்ந்த கட்டடத்தை வகுத்தார். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று எம் கிழக்கிலங்கையிற் தமிழர் முஸ்லிம்கள் உறவைச் சொல்வது மரபு. காரைதீவும் சாய்ந்தமருதும் கல்முனையும் பாண்டிருப்பும் மருதமுனையும் ஒன்றையடுத்து ஒன்றாய்க் கிடக்கும் இக்கரையிலே, ஒருவர் மதிலை மற்றவர் கட்டிய காலமும் உண்டு, ஒருவரையொருவர் அஞ்சிய காலமும் உண்டு. பொறியியற் பீடங்களில் இன்று இரு சாராரின் பிள்ளைகளும் ஒரே மேசையில் வரைகின்றனர். கானின் சரிதத்தை இந்துக் கல்லூரி மலரொன்றில் எழுத நாம் விரும்பியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

கான் கற்பித்தலையும் கைவிட்டாரல்லர். சிக்காக்கோவிலுள்ள இலினோய் தொழினுட்ப நிறுவனத்திற் கட்டடக்கலை மாணவர்க்குப் போதித்துவந்தார். வரைபவனும் கணிப்பவனும் வேலையின் தொடக்கத்திலிருந்தே கூடியிருத்தல் வேண்டும் என்பது அவரது கொள்கை. அழகு என ஒன்றை முதலில் வரைந்து, அதனை எங்ஙனமாவது நிறுத்துக என்று பொறியியலாளரிடம் எறிதல் அவர்க்கு உடன்பாடன்று. சுமை எவ்வழி இறங்குகின்றதோ அவ்வழியே அழகாகவும் தோன்றவேண்டும் என்று கண்டார்.

அவரது பணிகளுள் எம் ஊரவர் பலர் தம் கண்ணாற் கண்டதும் ஒன்றுண்டு. புனித ஹஜ் கடமைக்குச் செல்வோர்க்கென ஜித்தா விமான நிலையத்தில் 1981இற் திறக்கப்பட்ட ஹஜ் முனையமே அது. பாலைவனத்தின் வெயிலில் இலட்சக்கணக்கானோர் குறுகிய நாள்களுள் வந்திறங்குவர். ஆண்டின் ஏனைய காலம் அவ்விடம் வெறிதே கிடக்கும். மூடிய மண்டபங் கட்டிக் குளிரூட்டினால் அளவிறந்த செலவு. கானும் அவர் தோழர்களும் அரபு நாட்டுக் கூடாரத்தையே வழிகாட்டியாய்க் கொண்டனர். 45 மீற்றர்ப் பக்கமுள்ள 210 கூடாரங்களை உருக்குக் கம்பங்களிலிருந்து வடங்களாற் தூக்கி நிறுத்தினர். கண்ணாடி நாரால் நெய்து மேற்பூச்சிட்ட அத்துணி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகின்றது. வெப்பக்காற்று உச்சித் துவாரத்தால் வெளியேறுகின்றது. பக்கச் சுவரில்லை, நிழலும் காற்றும் உண்டு. வானைத் தொட்ட கோபுரத்தைக் கட்டிய அதே அறிவு, தேவை வேறாகியபோது கூடாரமாய்த் தாழ்ந்து விரிந்தது. சாய்ந்தமருதிலிருந்தும் கல்முனையிலிருந்தும் சென்று அந்நிழலில் இளைப்பாறியோர், அதனை அமைத்தவர் யார் என்று அறிந்திருத்தல் நன்று.

அம்முனையம் திறக்கப்பட்ட அடுத்த ஆண்டு, 1982 மார்ச் 27ஆந் திகதி, அதே ஜித்தா நகரில் மாரடைப்பினாற் கான் காலமானார். அப்பொழுது அவர்க்கு வயது 52. உடல் சிக்காக்கோவிற் கொண்டுசென்று அடக்கப்பட்டது. மறைவுக்கு அடுத்த ஆண்டு ஹஜ் முனையத்துக்குக் கட்டடக்கலைக்கான ஆகாகான் விருது கிடைத்தது. உயர்கட்டடத் துறையிற் சிறந்தோர்க்கு வழங்கப்படும் வாழ்நாட் சாதனைப் பதக்கமொன்று இன்று அவர் பெயராலே வழங்குகின்றது. இன்று உலகில் எழும் மிகவுயர்ந்த கட்டடங்களுட் பெரும்பாலானவை அவர் காட்டிய நெறியின் வழிவந்தவையே.

இவ்வரலாற்றைப் படித்த மாணவன், நூறு மாடிக்கும் எம் கரையோரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. 1978 நவெம்பரில் வீசிய சூறாவளி எம் கூரைகளைப் பறித்தது. 2004 டிசெம்பர் 26இற் கடல் எழுந்து வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சாய்ந்தமருதின் கரையோர வீடுகள் வரிசை வரிசையாய்ச் சரிந்தன. அப்பேரலையை முற்றாய் எதிர்த்து நிற்கும் வீட்டை எவரும் எளிதிற் கட்டிவிட முடியாது. ஆயினும், எங்குக் கட்டலாம், எங்குக் கட்டலாகாது. அத்திவாரம் அரிபடாதிருக்க எவ்வளவு ஆழம் வேண்டும். கூரையையும் சுவரையும் அத்திவாரத்தோடு எங்ஙனம் பிணைக்கவேண்டும். ஓடி ஏறுவதற்குரிய உறுதியான மேன்மாடி ஊரில் எங்கே அமையவேண்டும் என்பன கற்றறியக்கூடியவை. உயிர்களிற் சிலவற்றையேனும் காக்கும் அறிவு அது.

இலங்கையிற் பொறியியற் பட்டக்கல்வி 1950இற் கொழும்பிலே தொடங்கி, 1964இற் பேராதனைக்குச் சென்றது. பின்னர் மொறட்டுவையிலும் காலியிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலும் பரந்தது. சாய்ந்தமருதிலிருந்து தெற்கே சிறிது தொலைவிலுள்ள ஒலுவிலிற் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 2012இற் பொறியியற் பீடம் கண்டது. முன்னாளிற் கடல்கடந்து தேடிய கல்வி இன்று பேருந்திற் செல்லும் தூரத்தில் இருக்கின்றது. அதனை உத்தியோகத்துக்கு ஒரு சீட்டெனக் கொள்வதா, அயலாரின் உயிர்க்குப் பொறுப்பேற்கும் விரதமெனக் கொள்வதா என்பதே இன்றைய மாணவர்முன் உள்ள வினா. வரைபடத்தின் அடியிலே பொறியியலாளன் இடும் கையொப்பம் அழகுக்காக இடப்படுவதன்று. அவ்வீட்டில் உறங்கும் குழந்தையின்மேற் கூரை வீழாது என்று அவன் கொடுக்கும் வாக்குறுதி அது. தொழிலொழுக்கம் என்னும் பாடம் இறுதியாண்டில் வைக்கப்பட்டிருப்பதும் இதனை நினைவூட்டுதற்கே.

பொறியியலாளராய் உயர்ந்துள்ள பழைய மாணவர்க்கும் நாம் ஒன்று கூறுவோம். விழாவுக்கு ஊர் திரும்பும்போது, உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு, அத்திவாரம் வெட்டும் ஒரு வளவுக்குச் செல்லுங்கள். மண்ணைக் கையிலெடுத்துக் காட்டுங்கள். தூக்குக்குண்டு பிடிக்கும் மேசனாரையும் மதித்து, அவர் அறிந்ததைச் சொல்லச் செய்யுங்கள். கம்பிக்கு எவ்வளவு மறைப்பு வேண்டும், கலவைக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று அங்கேயே விளக்குங்கள். டாக்காவிலே கணித ஆசிரியர் ஒருவரின் வீட்டிலிருந்து கான் எழுந்தார். எம் பாடசாலைகளின் வாங்குகளிலும் அத்தகையோர் அமர்ந்திருக்கக்கூடும். அவர்க்கு வழிகாட்டும் கடமை ஆசிரியராகிய எமக்கும் கற்றுயர்ந்த உங்களுக்கும் பொதுவானது.